பிறைப்படமும் சாட்சியமும்

ஷஅபான் மாதத்து 29ஆம் நாள் மாலையில், மஃரிபு வேளையை ஒட்டி, பள்ளிவாசல் மாடிகளிலும் வீட்டு மொட்டைமாடிகளிலும் கடற்கரையிலும் மக்கள் கூடிநின்று மேற்கு வானை நோக்குதல் நெடுநாளைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் அவ்வழக்கத்தில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. கூடிநிற்போருள் பலர் வானைப் பார்க்காமல் கைபேசியைப் பார்க்கின்றனர். பிறை வானில் தோன்றுமுன்னரே அதன் படம் வாட்ஸ்அப்பில் தோன்றிவிடுகின்றது. அப்படம் எவ்வூரில் எடுக்கப்பெற்றது, எவ்வாண்டில் எடுக்கப்பெற்றது, எடுத்தவர் யார் என்னும் வினாக்கள் எழுமுன்னரே அது நூறு பேருக்கு அனுப்பப்பட்டு விடுகின்றது. பெரியவர்கள் இதனைக் கண்டு, படம் என்றாலே வேண்டா என்று முகம் சுளிக்கின்றனர். இளைஞர்களோ, படமே இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு என்கின்றனர். இரு சாராரும் படத்தை உள்ளபடி அறியாமையால்தான் இவ்வாறு கூறுகின்றனர் என்பது என் கருத்து. நிலவைத் தாமே ஒருமுறை முறையாகப் படமெடுத்துப் பார்த்தவர், இவ்விரண்டில் எதையும் கூறமாட்டார்.

கணக்கா, கண்ணால் காண்பதா. உள்ளூர்ப் பிறையா, உலகப் பிறையா என்னும் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை முற்படவில்லை. அது ஆலிம்களின் துறை. மாணவர்கள் கையிலுள்ள எளிய கேமராவைக் கொண்டு திங்கள்தோறும் நிலவைப் படமெடுத்துப் பழக வேண்டும் என்பதும், அப்பழக்கம் சமுதாயத்திற்கு ஒரு வகையில் இன்றியமையாதது என்பதுமே ஈண்டுச் சொல்லப் புகுந்த செய்தி.

ஆண்டில் இரண்டு மூன்று மாலைகளில் மட்டுமே நாம் நிலவைத் தேடுகின்றோம். அம்மாலைகளில் தேடப்படுவதோ, நிலவின் தோற்றங்கள் அனைத்திலும் காண்பதற்கு அரியதாகிய தலைப்பிறை. மற்ற நாள்களில் நிலவு எங்கே எழுகின்றது, எங்கே மறைகின்றது என்பதை அறியாத கண், அந்த ஒரு மாலையில் மட்டும் கூர்மை பெற்றுவிடும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

தமிழ் பயில்வோர்க்கு நிலவு அயலான பொருள் அன்று. பிள்ளைத்தமிழின் ஏழாம் பருவமாகிய அம்புலிப் பருவத்தில், பாட்டுடைத் தலைவரோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாள்வார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் இம்மரபைப் போற்றியுள்ளனர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மதியை அழைப்பித்த படலம்' என்று தனியொரு படலமே அமைத்தார். இவற்றையெல்லாம் தேர்வுக்குப் படிக்கும் மாணவரிடம், நேற்று நிலவு எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேட்டால் விடை வருவது அரிது. பெருநாள் வாழ்த்து அட்டைகளைப் பாருங்கள். அவற்றுள் பலவற்றில் இடப்பக்கம் ஒளிவிளிம்பு கொண்ட பிறை அச்சிடப்பட்டிருக்கும். நம் நாட்டில் விடியற்காலையில் கிழக்கே தெரியும் தேய்பிறை அது. மாலையில் மேற்கே தெரியும் வளர்பிறையின் ஒளிவிளிம்போ, மறைந்த கதிரவனை நோக்கிக் கீழ்ப்புறமாகவும் வலப்புறமாகவும் அமையும். நோன்பு முடிந்த மகிழ்ச்சியைத் தேய்பிறையால் தெரிவித்துக் கொள்கின்றோம். எவரும் அதைக் கவனிப்பதில்லை.

கேமராவுக்கும் நமக்கும் உள்ள உறவு பழைமையானது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒளியியல் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை இயற்றினார். ஒளி ஆண்டாக 2015ஆம் ஆண்டினை உலகம் கொண்டாடியபோது அவர் பெயரும் சேர்த்துப் போற்றப்பட்டது. கிரகணத்தின் உருவம் பற்றி அவர் தனியே எழுதிய ஆய்வுரை ஒன்றும் உண்டு. கதிரவன் பாதி மறைந்திருக்கும்போது அதன் ஒளி சிறுதுளை வழியே இருட்டறைக்குள் புகுந்தால், எதிர்ச்சுவரில் அரிவாள் போன்ற வடிவம் விழுகின்றது. பிறைநிலவோ வானில் அதே அரிவாள் வடிவில் இருந்தும், அதன் ஒளி அவ்வாறு விழுவதில்லையே, ஏன் என்று அவர் ஆராய்ந்தார். துளை பெரிதானால் விழும் உருவம் துளையின் வடிவத்தையே கொள்கின்றது. துளையைப் போதிய அளவு சிறிதாக்கினாலோ பிறையின் மெல்லொளி கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. இன்று பிறையைப் படமெடுக்க முயலும் மாணவர் முதல் மாலையிலேயே எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுதான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 'கேமரா' என்னும் சொல்லே நிலவைக் குறிக்கும் 'கமர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் சிலர் முழங்கக் கேட்கின்றோம். கேட்க இனிமையாக இருப்பினும் அது உண்மையன்று. அறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. வளைகூரையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுத்தல் தேவையில்லை.

அவர் கூறிய மற்றொரு செய்தியை நம் மாணவர் எவரும் ஒரே இரவில் சோதித்துப் பார்க்கலாம். முழுநிலவு கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் எழும்போது தாம்பாளம் போலப் பெரிதாகத் தோன்றுகின்றது. நள்ளிரவில் உச்சிக்கு வரும்போது சிறுத்துவிடுகின்றது. காற்றுமண்டலமே அதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது என்று பலரும் நெடுங்காலம் நம்பினர். தன் நூலின் ஏழாம் பகுதியில் இப்னுல் ஹைதம், மனம் தொலைவை மதிப்பிடும் முறையில்தான் இதற்குரிய முதன்மையான காரணம் உள்ளது என்று விளக்கினார். மரங்களும் வீடுகளும் இடையே இருப்பதால் அடிவான நிலவு மிகத் தொலைவிலுள்ளதாக மனம் கொள்கின்றது. தொலைவிலிருந்தும் இவ்வளவு தெரிகின்றதே என்று அதைப் பெரிதாக எண்ணிக்கொள்கின்றது. இதனைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே கேமரா, ஒரே லென்ஸ். இரவு ஏழு மணிக்கு ஒரு படம், நள்ளிரவில் ஒரு படம். இரண்டிலும் நிலவின் அகலத்தை அளந்து பாருங்கள். அடிவான நிலவு பெரிதாக இராது என்பதோடு, உச்சிநிலவைவிட ஏறத்தாழ நூற்றில் ஒன்றரைப் பங்கு சிறிதாகவே இருக்கும். நிலவு உச்சியில் உள்ளபோது நாம் பூமியின் ஆர அளவு, அதாவது ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர், அதற்கு நெருங்கிவிடுகின்றோம் என்பதே காரணம். கண் பொய் சொல்லவில்லை. ஆயினும் கண்டதாக நாம் சொல்வது முழு உண்மையும் அன்று. சாட்சியம் பற்றிப் பேசுவோர் மனத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டில் டாகர் என்னும் பிரெஞ்சுக்காரரால் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, நியூயார்க்கில் வேதியியல் ஆசிரியராக இருந்த ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய தகட்டில் நிலவைப் பதித்தார். அதற்கு இருபது நிமிட நேரம் தகட்டின்மீது ஒளி விழ வேண்டியிருந்தது. அந்நேரம் முழுதும் வானில் நகரும் நிலவைக் கருவி பின்தொடர வேண்டியிருந்தது. இன்று அதே காரியம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிகின்றது.

அவ்வாறிருந்தும் பெரும்பாலோர் எடுக்கும் நிலாப்படம் ஏன் வெள்ளைப் பொட்டாக மட்டும் வருகின்றது? இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, நிலவு நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. வானில் அது அரைப் பாகை அளவே இடம் கொள்கின்றது. கேமராவின் உணர்தகட்டில் விழும் அதன் உருவம், லென்சின் குவியத்தூரத்தை ஏறத்தாழ 110ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவினது. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்சில் நிலவு அரை மில்லிமீட்டர்கூட இராது. 200 மில்லிமீட்டர் லென்சில் 1.8 மில்லிமீட்டர், 500 மில்லிமீட்டரில் நாலரை மில்லிமீட்டர். ஆகவே தொலைவிலுள்ளதை அருகே காட்டும் டெலி லென்ஸ் ஒன்று இருத்தல் நலம். திருமணங்களில் படமெடுப்போர் வைத்திருக்கும் 200 மில்லிமீட்டர் லென்ஸ் தொடக்கத்திற்குப் போதும். அதுவும் இல்லாதவர் சிறு தொலைநோக்கியின் அல்லது பைனாகுலரின் கண்வில்லையில் கைபேசியைப் பொருத்தி எடுக்கலாம். சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது காரணமே பலரும் அறியாதது. நிலாப்படம் இரவில் எடுக்கப்படினும், படமாவது வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. நிலவின் தரை தன்மேல் விழும் வெயிலில் எட்டில் ஒரு பங்களவே திருப்பி அனுப்புகின்றது. வெண்ணிலவு என்று நாம் பாடும் அது, பழைய தார்ச்சாலையின் நிறத்தினது. கேமரா தானாகவே ஒளியைக் கணிக்குமாறு விட்டுவிட்டால், சுற்றிலுமுள்ள கரிய வானைக் கண்டு இருட்டு என்று எண்ணி, ஒளியை மிகுதியாக உள்ளே விடுகின்றது. நிலவு வெந்து வெளுத்துப் போகின்றது. எனவே தானியங்கு முறையை நிறுத்திவிட்டு, பகல்வெயிலில் எடுப்பதற்குரிய அளவுகளுக்கு அண்மையில் வைத்துக்கொள்ள வேண்டும். உயரத்தில் நிற்கும் முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 11, ஷட்டர் நொடியின் நூறில் ஒரு பங்கு. இதிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் மாற்றி மாற்றிச் சில படங்கள் எடுத்தால் ஒன்றேனும் சரியாக அமையும். அரைநிலவுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். அரைநிலவு முழுநிலவின் ஒளியில் பாதியைத் தரும் என்று எண்ணிவிடலாகாது. அது தருவது பத்தில் ஒரு பங்களவே. கேமராவை முக்காலியில் நிறுத்துவதும், விரலால் அழுத்தும்போது ஏற்படும் அதிர்வு படத்தைக் கெடுக்காமல் இருக்க இரண்டு நொடி கழித்து இயங்குமாறு அமைப்பதும் கட்டாயம். நிலவு இரண்டு நிமிடத்தில் தன் அகலமளவு வானில் நகர்ந்துவிடுகின்றது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

புதியவர் முழுநிலவையே எடுக்க விரும்புவர். எனினும் அழகிய படம் பிறை ஏழு, எட்டில்தான் கிடைக்கும். முழுநிலவின்மேல் வெயில் நேராக விழுவதால் நிழலில்லை. மேடு பள்ளம் தெரியாது. அரைநிலவிலோ ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு குழியும் கருநிழல் நிரம்பி நிற்கின்றது. அக்கோட்டின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே உங்கள் படத்தில் இரண்டு குழிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்றன் பெயர் அல்பதேனியஸ். ரக்கா நகரில் வானை ஆராய்ந்து கதிராண்டின் அளவைக் கணித்த அல்பத்தானியின் பெயர் அது. ஏறத்தாழ 97 கிலோமீட்டர் அகலமுள்ள மற்றொன்று அர்சாகெல். அது ஸ்பெயின் நாட்டு தொலைதோ நகரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்சர்காலியின் பெயர். 1651இல் நிலவின் பகுதிகளுக்குப் பெயர் சூட்டிய ரிச்சியோலி என்னும் கிறித்தவப் பாதிரியார், தமக்குமுன் வானியலை வளர்த்தோர்க்குச் செய்த மரியாதை இது. நிலவின் கிழக்கு விளிம்பருகே உள்ள ஒரு குழிக்கு அல்ஹசன் என்று பெயர்; இப்னுல் ஹைதமே அவர். நம் முன்னோர் பெயர்களை மேடையில் அடுக்குவதைக் காட்டிலும், தாம் எடுத்த படத்தில் அவற்றைச் சுட்டிக்காட்டும் மாணவர் ஒருவர் எனக்கு மிகவும் உகந்தவர்.

இனித் தலைப்பிறைக்கு வருவோம். அமாவாசைக் கணத்தில் நிலவு கதிரவனுக்கு அண்மையில் நிற்கின்றது. பின்னர் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் விலகிச் செல்கின்றது. ஏறத்தாழ ஏழு பாகை விலகும்வரை பிறை கண்ணுக்குத் தோன்றாது என்று 1930களில் டான்ஜோன் என்னும் பிரெஞ்சு வானியலார் கணித்தார். அவ்வாறு விலகிய பின்னரும், அந்திவெளிச்சம் குறைந்து பிறை மறைவதற்குள் உள்ள சிறுபொழுதில் மட்டுமே அது தெரியும். படமெடுப்போர் கதிரவன் முற்றிலும் மறைந்த பின்னரே லென்சை மேற்கு நோக்கித் திருப்ப வேண்டும். மறையுமுன் அதன் வழியே நோக்கினால் கண் பறிபோகும். நொடியின் முப்பதில் ஒரு பங்கில் தொடங்கி ஒரு நொடிவரை வெவ்வேறு அளவுகளில் எடுத்துப் பார்க்கலாம். அடுத்த இரண்டு மாலைகளில் இரண்டு நொடி நேரம் ஒளியை விட்டால், பிறையின் மடியில் நிலவின் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் தோன்றக் காணலாம். பூமியில் பட்டுத் திரும்பிய ஒளியே அது என்பதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டோ டா வின்சி விளக்கினார்.

கண்ணுக்கு எல்லை உண்டு என்றால் கேமராவுக்கு? இதற்கு விடையளிக்கும் நிகழ்ச்சி ஒன்று 2013 ஜூலை 8ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகே நடந்தது. தியரி லெகோ என்னும் வான்படக் கலைஞர், பட்டப்பகலில், கதிரவனுக்கு நாலரைப் பாகைக்கும் குறைவான அண்மையில் நின்ற நிலவை, அமாவாசைக் கணத்திலேயே படமெடுத்தார். கதிரொளியைத் தடுக்கும் மறைப்பும் அகச்சிவப்பு ஒளியை மட்டும் ஏற்கும் வடிகட்டியும் அவருக்கு உதவின. நூலினும் மெல்லிய ஒளிக்கோடு அப்படத்தில் தெரிகின்றது. ஹிஜ்ரி 1434ஆம் ஆண்டு ரமலானுக்கு முந்திய அமாவாசை அது என்பது கருதத்தக்கது. படத்தில் பிறை தெரிந்தாலே மாதம் பிறந்துவிடும் என்றால், எந்தக் கண்ணும் காணாத, காணவும் இயலாத அக்கணத்தில் ரமலான் பிறந்திருக்க வேண்டும். அவ்வாறு எவரும் கொள்ளவில்லை. படம் இருக்கச் சாட்சி எதற்கு என்னும் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். காணுதல் என்று நம் சட்டநூல்கள் கூறுவது எது, அதில் கருவிக்கு இடமுண்டா, எவ்வளவு இடமுண்டு என்பதெல்லாம் படத்தைப் பார்த்துத் தீர்வனவல்ல. ஆலிம்கள் அமர்ந்து ஆராய வேண்டியவை.

பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கின்றது. அது அவர்கள் எண்ணும் இடத்தில் இல்லை. உயிருள்ளவற்றைப் படமாக்குதல் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. நிலவு அவ்வழக்குக்குள் வாராது. அஞ்ச வேண்டியது வேறொன்று. 2023ஆம் ஆண்டில், ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் கைபேசி எடுக்கும் நிலாப்படங்களைப் பற்றி ஒருவர் ஐயுற்று, ஒரு சோதனை செய்தார். நிலவின் படமொன்றைக் குழிகள் எவையும் தெரியாதவாறு மங்கலாக்கிக் கணினித்திரையில் காட்டி, இருட்டறையில் தொலைவிலிருந்து அக்கைபேசியால் படமெடுத்தார். வந்த படத்தில் குழிகள் தெளிவாக இருந்தன! திரையில் இல்லாத விவரம் படத்தில் எங்கிருந்து வந்தது? முன்னரே ஆயிரக்கணக்கான நிலாப்படங்களால் பயிற்றுவிக்கப்பெற்ற செயற்கை நுண்ணறிவு, இது நிலவு என்று கண்டுகொண்டு, இருந்திருக்க வேண்டியதைத் தானே சேர்த்துவிட்டது. படத்தை அழகுபடுத்தவே இவ்வாறு செய்வதாக அந்நிறுவனமும் விளக்கியது. வாழ்த்து அட்டைக்கு இது தீங்கில்லை. பிறை விவகாரத்திலோ, காணாததைக் கண்டதாகக் கூறும் சாட்சியை என்னவென்று அழைப்போம்?

கைபேசி தன் எண்ணப்படி சேர்ப்பது ஒருபுறம். சென்ற ஆண்டின் படம் இவ்வாண்டில் வருவதும், மூன்றாம் பிறையின் படம் தலைப்பிறையாக வருவதும், வேறொரு நாட்டின் பிறை நம்மூர்ப் பிறையாக வருவதும் மறுபுறம். படத்தினுள்ளேயே நாளும் நேரமும் பதிந்திருக்குமே என்பர் சிலர். கேமராவின் கடிகாரத்தை மாற்றி வைத்தால் அதுவும் மாறும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலோ அக்குறிப்புகள் நீங்கிவிடும்.

இங்குதான் நம் கைவசமுள்ள ஒரு பெருங்கலை நமக்கு உதவுகின்றது. ஹதீஸ் கலை பயின்றோர், ஒரு செய்தியை மத்ன் என்றும் இஸ்னாத் என்றும் இரு கூறாகக் காண்பர். மத்ன் என்பது சொல்லப்பட்ட செய்தி. இஸ்னாத் என்பது அதனைச் சொல்லி வந்தோர் வரிசை. செய்தி எவ்வளவு அழகியதாயினும், சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஒவ்வொருவரையும் துருவி ஆராய்ந்தனர் முன்னோர். கைபேசியில் வரும் பிறைப்படத்திற்கு மத்ன் மட்டும் இருக்கின்றது, இஸ்னாத் இல்லை. ஒரு சொல்லை ஏற்க இத்தனை தேடிய மரபில் வந்தோர், ஒரு படத்தை ஏற்க ஒன்றும் தேடாமல் இருப்பது வியப்புக்குரியது. எடுத்தவர் இன்னார், எடுத்த இடம் இது, நேரம் இது, கருவியும் அளவும் இவை என்று சொல்லித் தம் பெயரை முன்னிறுத்தும் ஒருவர் உடன் வராத படத்தை, அது எவ்வளவு தெளிவாக இருப்பினும், ஓர் ஓவியமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சான்றோர் ஒருவர் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு நம் வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் நூறு வயதை நெருங்கியிருந்த காலத்தில் பிறை பார்க்கச் சென்ற மக்களுடன் இருந்தார்கள். வேறு எவர் கண்ணுக்கும் தென்படாத பிறையைத் தாம் கண்டதாகக் கூறிச் சுட்டிக்காட்டினார்கள். பஸராவின் நீதிபதியாக விளங்கிய இயாஸ், அம்முதியவரின் புருவத்திலிருந்து வெண்முடி ஒன்று கண்ணுக்கு நேரே வளைந்திருப்பதைக் கண்டார். மரியாதையோடு அதனைத் தடவி ஒதுக்கிவிட்டு, 'இப்போது பிறை எங்கே?' என்று வினவினார். இப்போது தெரியவில்லை என்றார்கள் அனஸ் (ரலி) அவர்கள். சான்று கூறியவர் மெய்யர், கூறியதிலும் வஞ்சகமில்லை. ஆயினும் அங்கே பிறை இல்லை. நீதிபதி அவரைப் பொய்யர் என்னவும் இல்லை; மக்களிடம் விவாதிக்கவும் இல்லை. இன்று நம் ஊர்களில் பிறைக்காக ஒரு தெருவினர் மறுதெருவினரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும்போது இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகின்றது.

ஆதலின் நம் கல்லூரியில் ஒரு நிலாப்பதிவேடு தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து இதனை நடத்தலாம். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது எளிதான பயிற்சி அன்று. பிறையின் இரு முனைகளுக்கு வடகோடு, தென்கோடு என்று பெயரிட்டு, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நோக்கிப் பலன் சொன்ன மரபு தமிழ்நாட்டில் இருந்தது. பலனை விட்டுவிடலாம், நோக்கியதை விட வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் பிறையைப் படமெடுத்து வரிசையாக ஒட்டிவைத்தால், ஆண்டின் தொடக்க மாதங்களில் அது தோணிபோல் மல்லாந்தும், பிற்பகுதியில் ஒருபுறம் சாய்ந்தும் தோன்றுவதைக் காணலாம். அந்திப்போதில் நிலவின் பாதை அடிவானத்தோடு கொள்ளும் கோணம் பருவந்தோறும் மாறுவதே இதற்குக் காரணம். நிலவு பூமிக்கு அண்மையில் வரும் முழுநிலவையும், ஏழு மாதம் கழித்துச் சேய்மையில் நிற்கும் முழுநிலவையும் அருகருகே வைத்தால், செய்தித்தாள்கள் 'சூப்பர் மூன்' என்று ஆரவாரம் செய்வது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அகல வேறுபாட்டுக்குத்தான் என்பதும் விளங்கும்.

இரவில் மாணவிகளை எவ்வாறு அனுப்புவது என்று பெற்றோர் தயங்கலாம். எவரும் எங்கும் செல்ல வேண்டியதில்லை. வீட்டு மாடி போதும். பிறை இருபதுக்குப் பின் நிலவு காலை பத்து மணிவரையிலும்கூட மேற்கு வானில் வெள்ளைத் துணிக்கிழி போலத் தெரியும். முதல் வகுப்பு முடிந்து இரண்டாம் வகுப்புக்குச் செல்லும் இடைவேளையில், கல்லூரி முற்றத்தில் நின்றபடியே எடுக்கலாம். பகலில் நிலவு தெரியும் என்பதையே நம்பாத மாணவர் பலர் நம்மிடையே உளர்.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், ஹிஜ்ரி நாளும் ஆங்கில நாளும், இடம், நேரம், லென்சின் அளவு, ஷட்டர், துவாரம், செயற்கை நுண்ணறிவு அழகூட்டல் நிறுத்தப்பட்டதா என்னும் குறிப்பு, எடுத்தவர் கையொப்பம், உடனிருந்து கண்ணால் கண்டவர் கையொப்பம் ஆகியவை இடம்பெற வேண்டும். கேமராவில் தெரிந்து கண்ணுக்குத் தெரியாவிடில் அவ்வாறே எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிந்து கேமராவில் விழாவிடிலும் அவ்வாறே. மேகம் மூடிய நாள்களுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது, தொடர்ந்து பத்துப் பதினைந்து பக்கங்களில் மேகத்தின் படமும், 'காணவில்லை' என்னும் ஒரு சொல்லும், அதன் கீழே இருவர் கையொப்பமும் மட்டுமே இருக்கக்கூடும்.